டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய ஆறு மாதம்

வடசென்னை ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தை, வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே அரசாங்கத்துக்குத் தெரிந்த ஆள். கர்ப்பம் உறுதியான கையோடு தாய்க்கு பிக்மி எண், அதாவது கர்ப்பிணிப் பதிவு எண், போட்டிருப்பார்கள். அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே பெரும் பாடு. வீட்டுக்கு வந்த பிறகு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் பச்சைக் குழந்தையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் நாள் குறித்தே வைத்திருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஆறு முறையும் போகிறார்களா என்பது வேறு கதை. போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்று கேட்க ஒரு பதிவேடாவது இருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. பக்கவாதம் வந்து சேர்த்து, உயிருக்கு ஆபத்து இல்லை என்றான பிறகு, ஒரு பக்கம் கை கால் வராமல், மூக்கில் ஒரு டியூப், கீழே ஒரு யூரின் டியூபுடன் 62 வயதுக்காரர் ஒருவர் இப்படியொரு பெரிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார் என்று வையுங்கள். அவர் கையில் டிஸ்சார்ஜ் சம்மரி, கொஞ்ச நாளைக்கான மாத்திரை, ஓ.பி.யில் வந்து காட்டச் சொல்லும் ஒரு வரி. பிக்மி மாதிரி எண் எதுவும் அவருக்குக் கிடையாது. மூன்றாம் நாள் யார் வந்து பார்ப்பார் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் அது அநியாயம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போகிறது. படுத்த படுக்கையானவர்களைப் பார்க்க நோய் ஆதரவுச் செவிலியரும் பிசியோவும் வருகிறார்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான பைகள் வருகின்றன. 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. இந்தியாவில் இவ்வளவு கூடச் செய்யாத மாநிலங்கள் நிறைய. ஆனால் இந்தத் திட்டம் சிகிச்சையைத்தான் வீட்டுக்குக் கொண்டு வருகிறது. குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது, மலம் அள்ளுவது யார் வேலை என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு பிசியோ நாளைக்கு 8 வீடு ஏறி இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைச் சந்துகளில் அதுவே கடினம். மாதம் 24 நாள் என்றால் 192 வீடு. அவர் பட்டியலில் 100 பேர் இருந்தால் ஒருவருக்கு மாதம் இரண்டு முறைகூட முழுதாக வராது. பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதத்தில் கை கால் பயிற்சி தினமும் வேண்டும். ஆகவே பிசியோ வந்து செய்துவிட்டுப் போவதைவிட, வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதுதான் அந்த அரை மணி நேரத்தின் சரியான பயன். பெரும்பாலும் அதற்கு நேரம் இருப்பதில்லை.

பட்டியலில் பெயர் ஏறுவதே முதல் சிக்கல். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு இயக்குநரகத்தின் கீழ் வருகிறது. தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் மாநகராட்சியுடையது. ஊனமுற்றோர் உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, முதியோர் ஓய்வூதியம் வருவாய்த்துறை, மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் அக்கா மகளிர் சுய உதவிக்குழு வழியாக வந்தவர். ஐந்து இடங்களிலும் ஆள் இருக்கிறார்கள், நல்லவர்களாகவும் இருக்கிறார்கள். ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார் என்ற செய்தி இங்கிருந்து அங்கே தானாகப் போக வழியில்லை. நடுவில் ஓடுகிற தூதுவர் நோயாளியின் மகளோ மருமகளோதான். அவள் ஓடுகிற நேரத்தில் நோயாளிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அதனால் டிஸ்சார்ஜ் தேதி சொன்ன அன்றே, ஆளை வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு முன்பாகவே, சம்மரி நகலோடு வீட்டுக்குப் பக்கத்து சுகாதார நிலையத்துக்கு ஒருவர் போய்விட வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவத்துல பெயர் சேர்க்கணும் சிஸ்டர், படுத்த படுக்கை, ரெண்டு டியூப் இருக்கு' என்று சொல்லி, நோய் ஆதரவுச் செவிலியரின் பட்டியலில் எழுதவைக்க வேண்டும். முகவரியில் தெருப் பெயர் மட்டும் போதாது. போர்டு குடியிருப்பு என்றால் பிளாக் எண், மாடி, எந்தப் பக்கப் படிக்கட்டு என்பதும் வேண்டும். ஒரே மாதிரி பிளாக்குகள் நடுவே செவிலியர் தேடி அலைந்து திரும்பிப் போனால், அடுத்த முறை எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.

வார்டில் கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் சில. யூரின் டியூப் லேடெக்ஸா சிலிக்கானா, எந்தத் தேதியில் போட்டது என்று சம்மரியில் எழுதி வாங்குங்கள். லேடெக்ஸ் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் மாற்ற வேண்டிவரும். முழு சிலிக்கான் என்றால் 12 வாரம் வரை தாங்கும். தேதி எழுதாத டியூப் அடைத்துக்கொண்ட பிறகுதான் ஞாபகத்துக்கு வரும், அதுவும் வழக்கமாக நடு ராத்திரியில். மூக்கு டியூபில், மூக்கு துவாரத்தை ஒட்டிய இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை ஊட்டுவதற்கு முன்னும் அந்தக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக்கூடாது, நாமாகவே உள்ளே தள்ளவும் கூடாது. டியூப் நுனி மூச்சுக்குழாயில் இருந்தால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும்.

108 அவசரத்துக்குத்தான் வரும், வீட்டில் கொண்டு விட வராது. ஷேர் ஆட்டோவோ தனியார் வண்டியோ பிடித்து வாசல் வரை வந்தாலும், மூன்றாவது மாடி மிச்சம் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்குவது வழக்கம், அதன் கால் விரிந்துவிடும். கைப்பிடி உள்ள இரும்பு நாற்காலி நல்லது. புடவையால் நெஞ்சோடு சேர்த்து ஒரு கட்டு, தொடையோடு ஒரு கட்டு. ஏறும்போது நோயாளியின் முதுகுதான் மேலே போக வேண்டும். வராத கை தொங்கி, படிக்கட்டுக் கம்பியில் மாட்டாமல் மடியில் கட்டிவிட வேண்டும். அடுத்தது நிறைய பேர் கவனிக்காதது: தூக்கும்போது யூரின் பையை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். பையில் நின்ற சிறுநீர் திரும்பவும் சிறுநீர்ப்பைக்கே இறங்கும். இரண்டு நாள் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும்போது யாருக்கும் அந்தப் படிக்கட்டு ஞாபகம் வராது. பையைக் காலி செய்துவிட்டுத் தூக்குங்கள், எப்போதும் இடுப்புக்குக் கீழேயே வைத்திருங்கள், தரையிலும் படவிடாதீர்கள்.

இனி படுக்கைப் புண். வீட்டுப் பராமரிப்பில் கைமீறிப் போகிற விஷயங்களில் முதல் இடம் இதற்குத்தான். பத்துக்குப் பத்து அறையில், தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருப்பார்கள். கட்டிலுக்கு இடமில்லை, அல்லது இருக்கிற ஒரு கட்டிலில் பேரப்பிள்ளைகள். தரையில் கிடப்பவரைப் புரட்ட ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும், பத்து நாளில் பார்த்துக்கொள்பவரின் முதுகு போய்விடும். பலகைக் கட்டில் ஒன்று வாங்கி, நான்கு காலுக்கும் கீழே செங்கல் வைத்து, நிற்பவரின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை உயர்த்துவது முதல் வேலை. கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் நடுவில் குழிந்துவிடும், அவற்றின் மேல் எந்த மெத்தை போட்டும் பயனில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 12 முறை. முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் இடுப்பு எலும்பு மேல் மொத்த எடையும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 டிகிரி அளவில் சாய்த்தாற்போல் வைப்பது போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். இழுத்து நகர்த்தினால் தோல் உரியும். அடியில் ஒரு பழைய பெட்ஷீட்டைக் குறுக்காகப் போட்டு, இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும்.

சிவந்திருக்கிறதா பாருங்கள் என்று கையேடுகளில் எழுதியிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். பிட்டத்து எலும்பு, குதிகால், இடுப்பு, காது மடல் ஆகிய இடங்கள் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ, கருத்துப் பளபளப்பாகவோ இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் ரத்தம் ஓடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது, அது நசுங்கிய சதையை மேலும் நசுக்கும். ஸ்பிரிட், பவுடர் வேண்டாம். பழைய டயர் டியூபை ஊதி அடியில் வைப்பதும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு அழுத்தி, நடுவில் இருக்கிற தோலுக்கு ரத்தமே போகாது.

ஏர் பெட் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. அதன் மோட்டாருக்கு மின்சாரம் மிகக் குறைவு, பத்து வாட் அளவுதான், அதற்குப் பயந்து இரவில் அணைத்துவிடாதீர்கள். காற்று போதுமா என்று அறிய, நோயாளியின் இடுப்புக்குக் கீழே மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். கைக்கு மேலே ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும், எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை பெயருக்குத்தான் இருக்கிறது. ஏர் பெட் போட்டுவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்துகிற வீடுகளில்தான் ஆழமான புண்கள்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் கிடைக்கும். புண் எலும்பு வரை போய்ச் சீழ் பிடித்து ஆளை மறுபடி சேர்த்தால் செலவுக்கு வழி இருக்கிறது. அதைத் தடுத்திருக்கக்கூடிய மெத்தையையோ டயப்பரையோ வீட்டுக்கு வாங்க அதில் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்பது காப்பீட்டின் இலக்கணம். வடசென்னை வீடுகளின் இலக்கணம் வேறு.

மூக்கு டியூபில் ஊட்டுவது பற்றிக் கொஞ்சம். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், ஊட்டி முடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. 50 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் புனல் மாதிரிப் பிடித்து, தானாக இறங்கவிட வேண்டும், அழுத்தித் தள்ளக்கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். கேழ்வரகுக் கஞ்சி ஆறியதும் கெட்டியாகி டியூபை அடைக்கும், ஆகவே நீர்க்கக் காய்ச்சி மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். வெறும் கஞ்சித் தண்ணீரிலேயே வாரக்கணக்கில் ஓட்டினால் புரதம் இல்லாமல் புண் ஆறாது. பால், வேகவைத்து வடிகட்டிய பருப்பு, மருத்துவர் தடை சொல்லாவிட்டால் வெந்த முட்டை வெள்ளையை அரைத்துக் கலக்கலாம். மாத்திரை அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று எழுதியிருந்தால் அதைப் பொடிக்கக்கூடாது, நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். மருந்தாளுநரிடம் மாற்றுக் கேளுங்கள்.

வராத கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பது இன்னொரு தப்பு. தோள் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் செயலிழந்திருப்பதால் மூட்டு நழுவிவிடும், அந்த வலி பிறகு மாதக்கணக்கில் தூங்கவிடாது. தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால்: புரட்ட 12 முறை, ஐந்தைந்து நிமிடம், 1 மணி நேரம். ஊட்ட ஏழு முறை, இருபது நிமிடம் வீதம், 2 மணி 20 நிமிடம். கஞ்சி காய்ச்சி வடிகட்ட 1 மணி. டயப்பர் மாற்ற 1 மணி. உடம்பு துடைக்க முக்கால் மணி. பயிற்சி 1 மணி. துணி துவைக்க 1 மணி, அடிபம்பில் தண்ணீர் அடிப்பது சேராமல். மொத்தம் எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஒரு முழு ஷிஃப்ட், ஆனால் 24 மணி நேரத்திலும் சிதறிக் கிடக்கிற ஷிஃப்ட். வீட்டில் குறைவாகச் சம்பாதிக்கிற பெண் வேலையை விடுகிறாள். காசிமேட்டில் மீன் கூடை எடுப்பவளோ, வீட்டு வேலைக்குப் போகிறவளோ. நோயாளியின் வருமானம் போனதோடு அவள் வருமானமும் போகிறது. இரண்டாவது இழப்பைப் பதிவு செய்ய எந்த விண்ணப்பத்திலும் கட்டம் கிடையாது.

வெளியாளை வைத்துக்கொள்வது அந்த வீடுகளுக்குப் பேச்சுக்கே இல்லை. ஏஜென்சி மூலம் வரும் அட்டெண்டருக்கு மாதம் சுமார் இருபதாயிரம். பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று 40 ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு மூன்று என்றால் மாதம் 3,600. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட் முதல் 1,200.

அந்த 2,000 கூட உடனே வராது. அதற்கு ஊனச் சான்றிதழ் வேண்டும். நரம்பு சார்ந்த பாதிப்புகளில், நோய் தொடங்கி ஆறு மாதம் கழித்தே மதிப்பீடு செய்வது வழக்கம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. சரியான காலத்தை மதிப்பிடும் மருத்துவர் தீர்மானிக்கலாம். காரணம் நியாயமானதுதான். பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில் நிறையத் தேறுவார்கள், நிரந்தர ஊனம் எவ்வளவு என்பது பிறகே தெரியும். ஆனால் டயப்பர், டியூப், புண், வேலை இழப்பு எல்லாம் உச்சத்தில் இருப்பது அதே ஆறு மாதத்தில். ஊனம் நிரந்தரமானால் உதவி என்று விதி வைத்துவிட்டு, நிரந்தரமாகிற வரை காத்திருக்கிறோம்.

காசநோயாளிக்கு இப்படி இல்லை. நோய் உறுதியாகிப் பதிவு செய்த உடனே சத்துணவுக்குப் பணம். 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். தேடி வரவும் ஆள் உண்டு. அதே சுகாதார நிலையம், அதே கட்டடம். தெரியாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

மூச்சு நோயாளிகள் வேறொரு வகையில் மாட்டுகிறார்கள். பழைய காசநோய்த் தழும்பு, புகை, ஆலை வேலை என்று நுரையீரல் கெட்டவர்கள் எண்ணூர், மணலி பக்கம் கணிசம். நாள்பட்ட ஆக்சிஜன் குறைவுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 15 மணி நேரத்துக்கு ஐந்தேகால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 315 யூனிட். ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி சேர்ந்தால் 500 யூனிட் தாண்டுவது சுலபம், தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு, கீழ் யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை. பில்லுக்குப் பயந்து மெஷினைப் பகலில் அணைத்து வைக்கிறார்கள். இரவில் கரண்ட் போனால் அது வேறு. புயல் நாட்களில் என்ன செய்வது என்பதற்கு சிலிண்டர் ஒன்றைத் தயாராக வைப்பதைத் தவிர இன்றைக்கு வேறு பதில் இல்லை.

விபத்தில் முதுகெலும்பு முறிந்த இளைஞர்களின் பாடு நீளமானது. லாரிகள் ஓயாத வடக்குப் பகுதிச் சாலைகளுக்கு அது புதிதல்ல. 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது, அது உண்மையிலேயே உயிர்களைக் காக்கிறது. மறுவாழ்வுக்கான அரசு நிறுவனம் கே.கே. நகரில். முதியோருக்கான தேசிய மருத்துவமனை கிண்டியில். திருவொற்றியூரிலிருந்து சக்கர நாற்காலியோடு அங்கே போய்வருவதைத் திட்டமிட்டவர்கள் யாரும் ஒருமுறை செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

புதிதாக இன்னொரு திட்டத்துக்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு படுக்கை நோயாளிக்கும் பிக்மி போல ஒரு எண், அது போட்ட உடனே அந்த வார்டு சுகாதார நிலையத்தின் பட்டியலில் தானாகப் பெயர், மூன்றாம் நாள் செவிலியர் வருகை. சுகாதார நிலையத்தில் கட்டில், ஏர் பெட், கான்சன்ட்ரேட்டர் இரவல் கொடுக்கும் ஒரு அறை. கேரளத்தில் 2008இல் நோய் ஆதரவுச் சிகிச்சைக்குக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளே செவிலியரை வைத்து இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பார்த்துக்கொள்பவருக்கு மூச்சு விட, புறநகர் மருத்துவமனைகளில் ஒரு வாரத்துக்கு நோயாளியை வைத்துக்கொள்ளும் சில படுக்கைகள். சுய உதவிக்குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நாளைக்கு இரண்டு மணி நேரம் சம்பளத்துக்கு அனுப்பினால் குளிப்பாட்டலும் பயிற்சியும் நடந்துவிடும், இரண்டு வீட்டுக்கு அடுப்பும் எரியும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்கள் வீட்டுக்கு ரேஷன் அரிசி போகிறது. அரிசி ஏறுகிற மாடிக்கு ஆளும் ஏறலாம்.

அதுவரை, சான்றிதழ் வேலையை ஐந்தாம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். மூளை ஸ்கேன் பிலிமும் ரிப்போர்ட்டும் முதல் நாளிலிருந்து ஒரே பையில் இருக்கட்டும், சம்மரிக்கு மூன்று நகல் போடுங்கள். யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை விண்ணப்பத்துக்கு ஆதாரும் புகைப்படமும் வேண்டும், ஆதாரில் இருக்கும் கைபேசி எண் இப்போது உபயோகத்தில் உள்ளதா என்று முன்கூட்டியே பாருங்கள். பழைய எண் என்றால் ஓ.டி.பி. எங்கோ போகும். மருத்துவக் குழு முன் நேரில் போக முடியாது என்றால், படுத்த படுக்கை என்பதைச் சுகாதார நிலைய மருத்துவரிடம் எழுதி வாங்கி, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்து, வீட்டுக்கு வர வழியுண்டா என்று கேளுங்கள். கைரேகை கேட்கிற இடங்களில், இறுகி மூடிய கையை வலுக்கட்டாயமாகப் பிரிக்க விடாதீர்கள். நல்ல கையின் ரேகையை எடுக்கச் சொல்லுங்கள், அதுவும் பதியவில்லை என்றால் கண் கருவிழிப் பதிவு கேளுங்கள்.